காடுகரைக்கு நாயோடு போகிறவர்களுக்கு

பரளச்சிப் பக்கம் நாயோடு உலாவப் போவதென்றால் கண்மாய்க்கரைதான். கரையும் அதை ஒட்டிய கரிசல் தரிசும் போக மிச்சமெல்லாம் சீமைக்கருவேலம். என் வீட்டுச் சிப்பிப்பாறை நாயோடு விடியலில் இங்கேதான் நடக்கிறேன்.

கயிறில்லாமல் கிளம்பாதீர்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடுகிற இனங்கள். தூரத்தில் ஒரு முயல் அசைந்தால் போதும், பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் காதில் ஏறாது. “வேட்டை நாயைக் கட்டி இழுத்துட்டுப் போறியே, அவுத்து விடப்பா” என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. நான் அவிழ்ப்பதில்லை. முயலும் மயிலும் உடும்பும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. நம் சொந்தப் புஞ்சையிலேயே நாயை ஏவிப் பிடித்தாலும் அது வேட்டைதான். சிறைத் தண்டனை உண்டு.

சட்டம் இல்லாவிட்டாலும் அவிழ்க்க மாட்டேன். ஆள்காட்டிக் குருவி மரத்தில் கூடு கட்டாது. பொட்டல் தரையில், மண்ணோடு மண்ணாகத் தெரியும்படி முட்டையிடும். நாய் ஒருமுறை குறுக்கே ஓடினால் அந்த ஈடு முழுக்கப் போய்விடும். அது தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றினால் பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று அர்த்தம். வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

கயிறு நாய்க்கும் காவல். காட்டுப்பன்றி பயிரை அழிக்கிற ஊர்களில் அவுட்டுக்காய் என்ற நாட்டு வெடியை வைப்பவர்கள் இருக்கிறார்கள். தின்பண்டம் என்று நினைத்து நாய் கடித்தால் தாடை சிதறிவிடும். எலிக்கும் மயிலுக்கும் மருந்து கலந்து வைத்த தானியமும் அப்படித்தான். பருத்திக்கு மருந்தடித்த பிறகு வாய்க்கால் தண்ணீரில் வாய் வைக்க விடாதீர்கள். வீட்டிலிருந்தே பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோங்கள்.

சீமைக்கருவேல முள் பாதத்தில் ஏறி முறிந்தால் உள்ளேயே சீழ் வைக்கும். திரும்பியதும் விரலிடுக்கைப் பிரித்துப் பாருங்கள். நெருஞ்சியும் அங்கேதான் ஒட்டியிருக்கும். காது மடலுக்குள் உண்ணி பார்க்க வேண்டும். சித்திரை, வைகாசியில் வெயில் ஏறுமுன் வீட்டுக்கு வந்துவிடுவது நல்லது. தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள்; உங்களால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது.

மார்கழி, தை மாதங்களில் முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடிக்கும் காஞ்சிரங்குளத்துக்கும் பறவை பார்க்கப் போகிறவர்கள், நாயையும் கூட்டிப்போகலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. 1989இல் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டு 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த கண்மாய்கள் அவை. மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் அந்தக் கருவேல மரங்களில்தான் கூடு கட்டுகின்றன. மிரண்டு தாய்ப்பறவை எழும்பினால் முட்டை வெயிலில் கிடக்கும், காக்கை கொத்திவிடும். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. ஒரு ஊரே அவ்வளவு விட்டுக்கொடுக்கும்போது, நாயை ஒருநாள் வீட்டில் விட்டுப்போவது நமக்குப் பெரிதில்லை.

2021இல் புலிகள் காப்பகமான ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைக் காட்டுக்கும் இதே பதில்தான். சிறுத்தை நாயைத் தூக்கிவிடும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் நோய். ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் 1994இல் மூன்றில் ஒரு பங்கு சிங்கங்களைக் கொன்றது, நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய். 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் அடுத்தடுத்து இறந்தபோதும் அதே கிருமி தென்பட்டது.

காட்டுக்குள் போகாத நாயாலும் நோய் பரவலாம். கண்மாய்க்கரையில் அது முகர்ந்துவிட்டுப் போன இடத்துக்கு இரவில் நரியும் கீரியும் வரும். டிஸ்டெம்பருக்குக் குட்டியிலேயே ஊசி போட வேண்டும், வெறிநோய்க்கு ஆண்டுதோறும் போட வேண்டும். உங்கள் நாயின் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். தேதி கடந்திருந்தால், அடுத்த நடைக்கு முன்னால் கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப்போங்கள்.