ஒரு மோட்டார் சைக்கிளும் மன அமைதியும்



தன்னை அறிய வேண்டுமானால் மலைக்குப் போ, இயந்திரச் சத்தத்தை விட்டு விலகு என்றுதான் பலரும் சொல்கிறார்கள். ஆனால் கையில் ஸ்பேனரோடு தன்னைத் தேடிய ஒருவரின் பயண நூலை அண்மையில் படித்தேன். ராபர்ட் பிர்சிக் ஆங்கிலத்தில் எழுதிய ‘ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்’ என்பது அதன் பெயர். 121 பதிப்பகங்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகு 1974-ல் வெளிவந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படித்தேன். தத்துவப் பகுதிகள் கடினம். ஆனால் என்ஜினைப் பற்றி வரும் இடங்கள் மற்றவர்களைவிட நமக்கு நன்றாகவே புரியும்.

பயணம்

1968-ல் பிர்சிக் தன் 11 வயது மகன் கிறிஸ்ஸைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, 305 சிசி ஹோண்டாவில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலிருந்து கலிஃபோர்னியா கடற்கரை வரை போனார். பாதி வழிவரை நண்பரும் அவர் மனைவியும் ஒரு பி.எம்.டபிள்யூ வண்டியில் கூடவே வந்தார்கள்.

பிர்சிக் முன்பு மான்டானா மாநிலத்தில் போஸ்மன் என்ற ஊரில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். ‘தரம் என்றால் என்ன?’ என்ற ஒரே கேள்வியைத் தோண்டிக்கொண்டே போய் மனம் உடைந்து, மருத்துவமனையில் மின் அதிர்ச்சிச் சிகிச்சை பெற்றவர். தன் பழைய ஆளையே ஏறக்குறைய மறந்துபோனவர், வழியெல்லாம் அந்த ஆளைத் துண்டு துண்டாகத் திரும்பப் பொறுக்குகிறார்.

இரண்டு பக்கம்

நண்பரின் வண்டியில் ஹேண்டில்பார் லூசாகிறது. பீர் டின் தகட்டைச் சின்னதாக வெட்டி இடையில் கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார் பிர்சிக். நண்பருக்கு முகம் சுருங்குகிறது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வண்டிக்குப் பழைய டின்னா? நண்பருக்கு அழகுதான் தெரிகிறது. பிர்சிக்குக்கு அந்தத் தகடு செய்யும் வேலை தெரிகிறது. ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறவன் பாதி மனிதன். இரண்டையும் சேர்ப்பதுதான் சமநிலை என்பது நூலின் மையம்.

வேலை தெரிந்தால் மட்டும் போதுமா? போதாது. என்ஜின் சீஸ் ஆகிறது என்று ஒரு கடையில் வண்டியை விடுகிறார். ரேடியோ அலறுகிறது, மெக்கானிக்குகள் சுத்தியும் உளியும் வைத்து வண்டியைக் கெடுத்ததுதான் மிச்சம். பிறகு அவரே பார்த்தால், ஆயில் போகும் வழியில் 25 சென்ட் மதிப்புள்ள ஒரு பின் உடைந்திருக்கிறது. அந்த மெக்கானிக்குகளுக்கு வேலை தெரியாமல் இல்லை. அக்கறைதான் இல்லை.

நமக்கான பாடங்கள்

1. கழற்றும்போதே வரிசையை நோட்டில் எழுது. தரையில் செய்தித்தாளை விரித்து, பக்கத்தை வாசிப்பதுபோல இடமிருந்து வலமாகப் பாகங்களை அடுக்கு. மாட்டி முடித்தபின் ஒரு பாகம் மிச்சமானால் வரும் எரிச்சல் நமக்குத் தெரியாததா!

2. ஸ்க்ரூ ஒன்று கழலவில்லை, தலையும் தேய்ந்துவிட்டது. அதன் விலை சில காசுதான். ஆனால் அது வரும்வரை வண்டியே ஓடாது. அந்த நேரத்தில் அந்த ஸ்க்ரூவின் மதிப்பு முழு வண்டியின் மதிப்பு. சிக்கி நிற்கும் அந்த இடத்தில்தான் உண்மையான படிப்பு ஆரம்பிக்கிறது என்கிறார்.

3. பிடித்ததை விடாமல் இருக்காதே. இதற்கு அவர் சொல்லும் உதாரணம் தென்னிந்தியக் குரங்குப் பொறி! கட்டி வைத்த தேங்காய்க்குள் அரிசி. குரங்கு கையை விட்டு அரிசியைப் பிடிக்கும். மூடிய கை வெளியே வராது. விட்டால் தப்பிக்கலாம், விடாது. ‘கோளாறு கார்புரேட்டரில்தான்’ என்று முதலிலேயே முடிவு கட்டுகிறவனும் அப்படித்தான்.

4. சலிப்பு வந்தால் நிறுத்து. அவசரம் வந்தால் நேரத்தைக் கூட்டிக்கொள்.

செங்கல்

நூலில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. கட்டுரை எழுத விஷயமே கிடைக்கவில்லை என்கிறாள் ஒரு மாணவி. ஊரைப் பற்றி எழுது, தெருவைப் பற்றி எழுது என்று குறுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரே ஒரு கட்டடத்தின் மேல் இடது மூலைச் செங்கல்லில் ஆரம்பி என்கிறார் ஆசிரியர். அவள் 5,000 சொற்கள் எழுதி வருகிறாள்! அதுவரை அவள் தானாகப் பார்க்கவில்லை. மற்றவர்கள் சொன்னதையே தேடிக்கொண்டிருந்தாள்.

எங்க அப்பா கொத்தனார். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். ‘நீயாவது கையில மண்ணு படாம பொழைச்சுக்கோ’ என்பார். ஆனால் அவர் ஒவ்வொரு வரிக்கும் நூல் கட்டி, ரசமட்டம் வைத்து, பூசினால் மறைந்துபோகும் செங்கல்லையும் நேராக வைப்பதைப் பார்த்திருக்கிறேன். பிர்சிக் தேடித் தேடி மனம் உடைந்த அந்தத் ‘தரம்’ இதுதானே என்று தோன்றியது. கை வேலை தாழ்வு, மூளை வேலை உயர்வு என்று பிரிப்பது சரியில்லை. ‘டிப்ளமோதானே’ என்று யாராவது கேட்டால் நாம் கூனிக்குறுக வேண்டியதும் இல்லை. அப்பாவிடமும் இதைச் சொல்ல வேண்டும்.

பயணத்தின் முடிவில் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, கிறிஸ் ஃபுட்ரெஸ்ட் மேல் எழுந்து நிற்கிறான். அதுவரை அப்பாவின் முதுகையே பார்த்து வந்தவனுக்கு, அவர் தோளுக்கு மேலாக முதன்முறையாகச் சாலை தெரிகிறது.

நண்பர்களே, நேரம் கிடைத்தால் இந்நூலைப் படியுங்கள். முழுவதும் புரியவில்லையென்றால் மேற்சொன்ன நான்கு பாடங்களை மட்டுமாவது அடுத்த ஒர்க்‌ஷாப் வகுப்பில் செய்து பாருங்கள். செய்தித்தாளை நான் கொண்டு வருகிறேன்.