வளர்தலும் உதிர்தலும்

மனித உடம்பு எண்ணிறந்த கலங்களால் ஆயது. அவை பிறக்கின்றன, தத்தம் தொழிலை ஆற்றுகின்றன, காலம் வந்ததும் மடிகின்றன. செங்குருதிக் கலத்தின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள். பிறப்பும் இறப்பும் ஒத்து நிகழும்வரை உறுப்பின் அளவு மாறுவதில்லை. இச்சமநிலை பிறழும்போது கட்டி தோன்றுகின்றது. மூக்கினுள் உண்டாகும் தீங்கற்ற கட்டிகளைச் சான்றாகக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வாம்.

கட்டி என்றவுடன் கலங்கள் மிகையாகப் பெருகின என்றே கருதுகிறோம். அஃது உண்மையிற் பாதியே. நமது இரணைமடுக் குளத்தை நினைமின். மாரியிற் கனகராயன் ஆறு பெருகி வரின் நீர்மட்டம் உயரும். வரவு மிகாதிருந்தும் துருசும் வானும் அடைபடின் அப்போதும் உயரும். அவ்வாறே, கலங்கள் மிகுதியாகப் பிரியினும் கட்டி வளரும். மடியவேண்டியவை மடியாதிருப்பினும் வளரும். பி.சி.எல்.-2 என்னும் பரம்பரையலகு கலத்தைப் பிரியத் தூண்டுவதன்று, அதனை இறவாது காப்பது என்று 1988இல் மெல்போண் நகர ஆய்வாளர் காட்டினர்.

இங்குக் கூறிய இறப்பு, காயத்தால் நேரும் அழிவு அன்று. கலம் தன்னுள் அமைந்த ஒழுங்கின்படி சுருங்கிச் சிறு துணிக்கைகளாகும். அயலிலுள்ள கலங்கள் அவற்றை விழுங்கிவிடும். 1972இல் கெர், வைலி, கறி என்னும் மூவர் இதற்கு ‘அப்பொப்டோசிஸ்’ எனப் பெயரிட்டனர். அச்சொல்லை எடுத்துக் கொடுத்தவர் வைத்தியர் அல்லர். அபர்டீன் பல்கலைக்கழகக் கிரேக்க மொழிப் பேராசிரியர் ஜேம்ஸ் கோர்மக். மரத்தினின்று இலை உதிர்தலைக் குறிப்பது அச்சொல். மொழி கற்பிக்கும் எனக்கு இச்செய்தி பெருமகிழ்வு தருகின்றது. வன்னிக் காட்டு முதிரை வரட்சியில் இலை உதிர்ப்பது வாழ்தற்பொருட்டேயன்றோ?

மூக்கின் சீதமென்சவ்வு உட்புறமாக மடிந்து வளர்வதால் உண்டாகும் பப்பிலோமா என்னும் கட்டி பெரும்பாலும் ஒருபக்க மூக்கிலேயே தோன்றும். அதன் மெல்லிய சீவல்களுக்கு நிறமூட்டி, பிரியுங் கலங்கள் எத்துணை, மடியுங் கலங்கள் எத்துணை என ஆய்வாளர் எண்ணுவர். கீ-67 என்னும் புரதம் பிரியுங் கலத்திற் காணப்படும். ஓய்ந்திருக்குங் கலத்திற் காணப்படாது.

‘தீங்கற்றது’ என்பது தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவாதது என்றே பொருள்படும், வாளாவிருக்கலாம் என்பதன்று. பப்பிலோமாவை முற்றாக அகற்றாவிடின் மீண்டும் முளைக்கும்; சிற்சிலரிடத்துப் புற்றாகவும் மாறும். ஆண்பிள்ளைகளுக்குக் குமரப் பருவத்தில் வரும் குருதிக்குழாய்க் கட்டியோ மூக்கிலிருந்து அடிக்கடி குருதி பெருகச் செய்யும். குளங்களில் முழுகுவோரிடத்து இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் காணப்படும் ரைனோஸ்போரிடியோசிஸ் என்பது கட்டிபோலத் தோன்றினும் நுண்ணுயிரால் வருவது. வெளித்தோற்றங் கொண்டு இவற்றைப் பிரித்தறிதல் நம்மால் ஆகாது.

முன்னொருகால் என் வகுப்பில் ஒரு மாணவன் பல மாதம் வாயாலேயே மூச்சு விட்டான். தடிமன் என்றெண்ணி நானும் பேசாதிருந்தேன். ஈற்றில் வைத்தியர் கண்டது கட்டியை. அது தீங்கற்றதே; எனினும் அவன் இழந்த மாதங்கள் மீளவில்லை. ஆதலின் மாணவர்களே, ஒருபக்க மூக்கடைப்பு நீங்காதிருப்பினும் குருதி வடியினும் மறையாது கூறுங்கள். ஆசிரியர்களே, நாமும் கேட்போமாக.