இலங்கையைக் கவிழ்த்தது சீனக் கடனா?

கேள்வி: சீனாவிடம் கடன் வாங்கித்தானே இலங்கை திவாலானது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: சீனக் கடனில் கட்டிய அம்பாந்தோட்டைத் துறைமுகம் கண்ணுக்குத் தெரிகிறது, கடன் பத்திரம் தெரிவதில்லை. அதனால் பழி முழுக்கச் சீனாவின் தலையில். திவாலானபோது சீனாவுக்குத் தரவேண்டியிருந்தது வெளிநாட்டுக் கடனில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். அதைவிடப் பெரிய சுமை, பன்னாட்டுச் சந்தையில் விற்ற டாலர் பத்திரங்கள். 2007-இல் 50 கோடி டாலரில் தொடங்கியது அந்தப் பழக்கம். உலக வங்கிக் கடன் போல மலிவு வட்டியோ நீண்ட தவணையோ இதில் இல்லை. கெடு முடிந்தால் அசலை மொத்தமாக வைத்தாக வேண்டும். பழைய பத்திரத்தை அடைக்கப் புதுப் பத்திரம் விற்றார்கள். மீட்டர் வட்டிக்காரரிடம் மாட்டியவர்களுக்கு இந்த வித்தை தெரியும்.

புதுக் கடன் கிடைக்கும்வரை வண்டி ஓடியது. 2019 டிசம்பரில் மதிப்புக்கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆக வெட்டினார்கள் (தேர்தல் வாக்குறுதியாம்!). அரசு வருமானம் சரிந்தது, கடன் தரமதிப்பீடும் சரிந்தது, சந்தை கதவைச் சாத்திக்கொண்டது. கொரோனா சுற்றுலாவை முடக்கியது. 2021-இல் ரசாயன உரத் தடை வேறு; நெல் விளைச்சல் விழுந்து, அரிசி இறக்குமதிக்கும் டாலர் தேட வேண்டியதாயிற்று. 2022 ஏப்ரலில் கையை விரித்துவிட்டார்கள்.

எட்டாகக் குறைத்த அந்த வரி, 2024 ஜனவரி முதல் 18 சதவீதம்.