எது சரக்கு?



நம்மில் கடை வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் அதிகம். ‘சரக்கு வந்துவிட்டதா?’, ‘சரக்கு தீர்ந்துபோச்சு’ என்று நாள் முழுக்கப் பேசுகிறோம். ஆனால் ஜகாத் கணக்குப் பார்க்க உட்காரும்போது, எதையெல்லாம் சரக்கு என்று எழுதுவது என்ற குழப்பம் வந்துவிடுகிறது. எனவே இம்முறை இந்தச் சொல்லையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

சரக்கு என்றால் விற்பனைப் பண்டம். மளிகைக் கடையைத் தென் மாவட்டங்களில் பலசரக்குக் கடை என்போம். பண்டங்களை ஏற்றிச் செல்வது சரக்கு ரயில். 2017 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள ஜி.எஸ்.டி.க்குத் தமிழில் சரக்கு மற்றும் சேவை வரி என்று பெயர்.

நாட்டு மருந்துக் கடையில் சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாம் சரக்கு. டீக்கடையில் வடை, பஜ்ஜி போடுபவர் சரக்கு மாஸ்டர். விஷயம் தெரிந்தவர் ‘சரக்குள்ள ஆள்’. இப்போது மதுவுக்கும் இந்தச் சொல் ஓடுவதால், வீட்டில் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஹராமான ஒன்றுக்காக நல்ல சொல்லை நாம் விட்டுவிட வேண்டியதில்லை.

இனி ஜகாத்துக்கு வருவோம். விற்பதற்கென்று வாங்கி வைத்திருப்பதே வியாபாரச் சரக்கு. மளிகைக் கடையில் குளிர்பானம் அடுக்கிய ஃபிரிட்ஜ் சரக்கு அல்ல, அது கடைச் சாமான். அதே ஃபிரிட்ஜ், வீட்டு உபயோகப் பொருள் விற்பவரின் கடையில் இருந்தால் சரக்கு. தராசு, அலமாரி, டெலிவரி வண்டி ஆகியவையும் கணக்கில் வராது. ‘இது விற்கவா, வைத்துப் பயன்படுத்தவா?’ என்று ஒவ்வொன்றையும் பார்த்துக் கேட்டாலே போதும்.

ஜகாத் நாளன்று கையிலுள்ள சரக்கை எண்ணி, வாங்கிய விலையில் அல்லாமல் அன்றைய விலையில் மதிப்பிட வேண்டும். நிஸாப் அளவை எட்டி, சந்திர ஆண்டு ஒன்று நிறைவாகியிருந்தால் இரண்டரை சதவீதம் கடமை. சரக்கின் மதிப்பு 4,00,000 ரூபாய் என்றால் அதற்குரிய ஜகாத் 10,000 ரூபாய். கைரொக்கம், வரவேண்டிய பாக்கி, கொடுக்கவேண்டிய கடன் பற்றிய விவரங்களை உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணாமல் குத்துமதிப்பாக ஒரு தொகையைக் கொடுத்தால், ஏழைகளின் பங்கு நம் கடையிலேயே தங்கிவிடக்கூடும். விற்காமல் தேங்கியதை, கெட்டுப்போனதை ஜகாத் என்று தள்ளிவிடவும் கூடாது. சம்பாதித்ததில் நல்லதைக் கொடுக்கும்படியும், நாமே கண்ணை மூடிக்கொண்டு வாங்கத் தயங்கும் மட்டமானதைத் தேடிக் கொடுக்க வேண்டாம் என்றும் அல்குர்ஆன் (2:267) நமக்குக் கட்டளையிடுகிறது.

ஒரு நோட்டை எடுத்து இந்த வாரமே எண்ணத் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.