செயலியின் வேகத்தை அளப்பது எப்படி?

உபகாரச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தும், ஊரிலிருந்து வரும் பணத்தைச் சேர்த்தும் கணினி வாங்கும் நம் சங்க நண்பர்கள், "எத்தனை கிகாஹெர்ட்ஸ்?" என்றே முதலில் கேட்கின்றனர். அவ்வெண் ஒன்றே போதுமா என்று ஆராய்வோம்.

விநாடிக்கு நூறு கோடி கடிகாரத் துடிப்பு ஒரு கிகாஹெர்ட்ஸ் ஆகும். ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதை அது சொல்லாது. விரைந்து மிதிப்பவன் சைக்கிளெல்லாம் முந்திவிடுமா? ஒரு மிதிக்கு எவ்வளவு தூரம் உருள்கிறது என்பதையும் பார்க்க வேண்டாமா? இன்டெல் 2000இல் தொடங்கிய பென்டியம் 4 வரிசை, பின்னர் 3 கிகாஹெர்ட்ஸைக் கடந்தது. 2006இல் வந்த கோர் 2 டியோவோ, குறைந்த துடிப்பிலேயே அதனை விஞ்சியது.

ஆகவே, அளந்தே அறிதல் வேண்டும். இதற்கு லினக்ஸ் மிகவும் ஏற்றது. 1991இல் ஹெல்சின்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இதன் மூலநிரல் யாவர்க்கும் திறந்தது; விலையும் இல்லை. பென்டிரைவில் ஏற்றினால், கணினியில் நிறுவாமலே ஓட்டலாம்.

ஒப்பிடும் இரு கணினிகளிலும் லினக்ஸ் பதிப்பும் கம்பைலரும் ஒன்றாகவே இருக்கட்டும். மடிக்கணினியை மின்சாரத்தில் செருகிவிடுங்கள். பேட்டரியில் ஓடும்போது துடிப்பு தணிக்கப்படலாம். பிறகு 'டைம்' என்ற கட்டளையை முன்னே இட்டு, உங்கள் நிரலை ஓட்டுங்கள். மூன்று எண்கள் கிடைக்கும். 'ரியல்' என்பது சுவர்க்கடிகாரம் காட்டும் நேரம். 'யூசர்' செயலி உங்கள் நிரலுக்காக உழைத்த நேரம். 'சிஸ்' அந்நிரலின் பொருட்டு இயக்குதளம் உழைத்த நேரம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். செயலிக்கு அது பொருந்தாது. முதல் ஓட்டத்தில் விரையும் செயலி, சூடேறியபின் தளரக்கூடும். ஐந்து முறை ஓட்டி, நடு எண்ணைக் கொள்க.

உட்கருக்களின் எண்ணிக்கையும் மயக்கம் தருவதே. 1967இல் ஜீன் அம்டால் சுட்டியது இது: வேலையில் ஐந்தில் ஒரு பங்கு வரிசையாகவே நடந்தாக வேண்டுமாயின், 4 உட்கருக்கள் தருவது 2.5 மடங்கு வேகமே. ஆயிரம் உட்கருக்களாலும் 5 மடங்கை எட்ட இயலாது.

என் ஆய்வு நிரல் இரவு முழுதும் ஓடுவது. அதற்கு உகந்த கணினி, கடிதம் தட்டச்சு செய்யும் நண்பருக்கு வீண் செலவு. ஆதலின், கடைக்குச் செல்லுமுன் விடுதியில் விசாரியுங்கள். நீங்கள் விரும்பும் செயலி யாரேனும் ஒருவரிடம் இருக்கக்கூடும். அரை மணி நேரம் இரவல் கேட்டு, உங்கள் வேலையையே அதில் ஓட்டிப் பாருங்கள். அதன்பின் பணத்தை எண்ணுங்கள்.