இனிப்பு நீரும் கடைவீதிப் புகையும்



இனிப்பு நீர் கண்டவரைப் பார்த்து, "தேத்தண்ணீரில் சீனியைக் கொட்டினீர், இப்போது அனுபவிக்கிறீர்" என்று சுலபமாய்ச் சொல்லிவிடுகிறோம். தீனியும் பருமனும் குடும்ப வழியும் காரணங்களே, மறுப்பதற்கில்லை. ஆனால் கல்லாவில் அமர்ந்து இருபது வருஷம் சுவாசித்த புகையையும் கணக்கில் எழுத வேண்டும்.

வண்டிப் புகையிலுள்ள நுண்தூசி தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்குக்கும் மேற்படாது. அது மூக்கில் தங்காமல் நுரையீரலின் அடிவரை இறங்குகிறது. சிறிது இரத்தத்திலும் கலக்கிறது. அதனால் சரீரத்தில் அழற்சி உண்டாகி நீடிக்கிறது. பிறகு இன்சுலின் சுரந்தும் அதன் சொல்லைத் தசைகள் சரிவரக் கேட்பதில்லை. கிடங்கில் ஏற வேண்டிய சரக்கு அஞ்சடியிலேயே குவிந்தாற்போல், சீனி இரத்தத்தில் தேங்குகிறது.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் சுமார் 17 லட்சம் பேரை எட்டு வருஷத்துக்கு மேல் கவனித்த ஆராய்ச்சி 2018-ல் வெளியாயிற்று. தூசி மிகுந்த இடங்களில் இவ்வியாதியும் மிகுந்திருந்தது. அந்நாட்டில் அப்போது அனுமதித்திருந்த அளவுக்குள்ளேயே அபாயம் தொடங்கிவிட்டதாம்! 2016-ல் மட்டும் உலகில் 32 லட்சம் பேருக்கு இவ்வழியே புதிதாய் வந்ததென்பது அவர்கள் மதிப்பு.

2013-லும் 2015-லும் புகைமூட்டம் வந்தபோது முகமூடி தேடி ஓடினோம். அன்றாடப் புகை வானத்தை மறைப்பதில்லை, ஆகவே அஞ்சுவாரில்லை.

சரக்கு இறக்கும் லாரியின் எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். கல்லாவை வீதியோரத்திலிருந்து உள்ளே தள்ளிப் போடுங்கள். சாம்பிராணிப் புகையும் புகைதான். சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். நாற்பதைக் கடந்தவர், சீனியே தொடாதவராயினும், இரத்தச் சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.