கிராமத்துக்கு ஹைபிரிட் கார் கட்டுப்படியாகுமா?

ஹைபிரிட் என்ற சொல் விவசாயிகளுக்குப் புதிதல்ல. வீரிய ஒட்டுச் சோளமும் பருத்தியும் வந்த நாளிலிருந்து பழகிய சொல்தான். விதையில் இரண்டு ரகங்களை இணைப்பதுபோல, இந்தக் காரில் பெட்ரோல் என்ஜினும் மின் மோட்டாரும் இணைந்துள்ளன. ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் 1997-இல் பிரியஸ் என்ற பெயரில் இத்தகைய காரை விற்பனைக்குக் கொண்டு வந்தது.

சாதாரண ஹைபிரிட் காருக்கு வெளியிலிருந்து மின்சாரம் ஏற்ற வேண்டியதில்லை. பிரேக் போடும்போது வீணாகும் சக்தியை மோட்டார் மின்சாரமாக்கி பாட்டரியில் சேர்க்கிறது. மறுபடி புறப்படும்போது அது உதவுகிறது. ஆகவே, நின்று நின்று செல்லும் நகர வீதிகளில்தான் மிச்சம் அதிகம். உப்பிலியபுரத்திலிருந்து துறையூருக்கு ஒரே சீராக ஓட்டுபவருக்கு இந்த வகையில் கிடைப்பது கொஞ்சமே. சோபனபுரம் வழியாகப் பச்சைமலை ஏறி இறங்குபவருக்கு இறக்கத்தில் ஓரளவு திரும்பக் கிடைக்கும். ஆனால் பாட்டரி சிறியது. நீண்ட இறக்கத்தில் சீக்கிரமே நிரம்பிவிடும்.

இனி கணக்கு. 2022-இல் வந்த மாருதி கிராண்ட் விட்டாரா காரில் முழு ஹைபிரிட் வகைக்கு லிட்டருக்கு 27.97 கி.மீ. என்றும், கையால் கியர் மாற்றும் 'ஸ்மார்ட் ஹைபிரிட்' வகைக்கு 21.11 கி.மீ. என்றும் அறிவிக்கப்பட்டது. (பின்னதில் மோட்டார் என்ஜினுக்குக் கைகொடுக்குமே தவிர, தனியே வண்டியை ஓட்டாது. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது.) இவற்றை 28, 21 என்று கொள்ளலாம். ரோட்டில் இரண்டுமே குறையும்.

ஆண்டுக்கு 8,000 கி.மீ. ஓட்டினால் மிச்சம் சுமார் 95 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 9,500 ரூபாய். விலை வித்தியாசம் 3 லட்சம் என்று வைத்துக்கொண்டால், போட்ட பணம் திரும்ப 31 ஆண்டுக்கு மேலாகும். அந்த 3 லட்சத்தையும் 10 சதவீத வட்டிக்கு வாங்கினால், முதலாண்டு வட்டியே சுமார் 30,000 ரூபாய்! பெட்ரோலில் மிஞ்சுவது வட்டியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

துறையூர், திருச்சி என்று வாடகைக்கு ஓடி ஆண்டுக்கு 40,000 கி.மீ. காட்டுபவருக்கு மிச்சம் 47,600 ரூபாய் வரை வரும். அவருக்கும் 6 ஆண்டுக்கு மேல் பிடிக்கும். இந்தக் காரின் ஹைபிரிட் பாட்டரிக்கு உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ., எது முந்துகிறதோ அதுவரை. அவர் ஓட்டும் ஓட்டத்துக்கு அது 4 ஆண்டிலேயே தீர்ந்துவிடும். திருச்சி நகருக்குள்ளேயே பெரும்பாலும் ஓடுபவருக்கு வேண்டுமானால் யோசிக்கலாம்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. காற்றால் குளிரும் பாட்டரியுள்ள கார்களில் பெரும்பாலும் பின் இருக்கைப் பக்கம் காற்றுத் துவாரம் இருக்கும். வெங்காய மூட்டை, தீவன மூட்டையை வைத்து அதை அடைக்கக் கூடாது. தூசியும் சருகும் சேராமல் அதன் வடிகட்டியைச் சுத்தம் செய்விக்க வேண்டும். வைக்கோல் போர் அருகே நிறுத்தினால் எலி ஒயரைக் கடிக்கும். ஆரஞ்சு நிற ஒயர்களில் உயர் அழுத்த மின்சாரம் பாய்வதால், பயிற்சி பெற்ற மெக்கானிக் தவிர மற்றவர்களைத் தொடவிடக் கூடாது.